சீர்ப் பையின் அடியில்

எங்கள் மாமனாருக்குக் கடைசி வரை ஒரே வருத்தம்தான். அவர் காட்டில் கல் இல்லை.

மற்ற ஊர்களில் விவசாயிகள் நிலத்தில் கல் கிடக்கிறதே என்று நொந்துகொள்வார்கள். அரியலூர்ப் பக்கத்தில் கல் இல்லாதவன்தான் நொந்துகொள்வான். சுண்ணாம்புக்கல் இருந்த காடுகளை சிமெண்ட் கம்பெனி விலைக்கு எடுத்துக்கொண்டது. காடு கொடுத்த வீட்டில் ஒரு ஆளுக்கு பர்மனென்ட் வேலையும் கொடுத்தது. அளக்க வந்தவர்கள் வரப்பு வரப்பாகக் கொடி நட்டுக்கொண்டே வந்து, என் அக்காவின் மாமனார் காட்டில் கடைசிக் கொடியை நட்டார்கள். அதற்கு அடுத்த காடு எங்களுடையது. நடுவில் ஒரு வரப்புதான். ஆடு ஒன்று மேய்ந்தால் தலை அங்கேயும் வால் இங்கேயுமாக நிற்கும். பூமிக்கு அடியில் கல் எப்படி அந்த வரப்போடு சரியாக நின்றுகொண்டது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நானும் அக்காவும் திருமழபாடிப் பக்கம் கொள்ளிடக் கரையில் பிறந்தவர்கள். முதலில் அக்காவை இந்த ஊரில் கொடுத்தார்கள். அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று பிறகு என்னையும் இங்கேயே கொடுத்தார்கள். நான் வந்த புதிதில் இரண்டு வீட்டுக்கும் ஒரே நிலைமை. மழை பெய்தால் இரண்டு காட்டிலும் சோளம், பெய்யாவிட்டால் இரண்டிலும் கருவேலம். அக்கா வீட்டில் குழம்பு தீர்ந்தால் என் வீட்டுக் கிண்ணம் போகும். என் வீட்டில் பால் திரிந்தால் அவள் வீட்டுச் சொம்பு வரும். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று இருவரும் மனதில் வைத்துக்கொண்டதில்லை.

கொடி நட்ட பிறகு மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பர்மனென்ட் ஆனார். என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் மூட்டை நிரப்பும் இடத்தில் காண்ட்ராக்டரின் ஆளாகச் சேர்ந்தார். ஒரே புகைபோக்கி, ஒரே தூசி, ஒரே சங்கு. ஆனால் நுழைகிற கேட் வேறு, ஹெல்மெட்டின் நிறம் வேறு, கேன்டீனில் உட்காரும் பக்கம் வேறு. கம்பெனி ஆஸ்பத்திரியில் மூச்சை ஊதிப் பார்க்கும் மிஷின் ஒன்று உண்டு. மாமா வருடா வருடம் அதில் ஊதுவார். என் வீட்டுக்காரர் ஊதுவது டீயை மட்டும்தான். ஊரில் சேர்ந்து சீட்டாடிய சகலைகள் இருவரும் கம்பெனிக்குள் எதிரே வந்தால் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அக்கா குவார்ட்டர்ஸுக்குக் குடி போனாள். நான் அஞ்சல் வழியில் தமிழ் படித்து முடித்து, ரோட்டோரத்து மெட்ரிக் பள்ளியில் டீச்சரானேன். தனியார் பள்ளி டீச்சர் வேலை ஒரு விசித்திரமான பிழைப்பு. ஊரே கும்பிடும், சம்பளத்தைத்தான் வெளியில் சொல்ல முடியாது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளின் அப்பாக்களில் கல் லாரி ஓட்டுகிறவர்கள் என்னைவிட நன்றாகவே சம்பாதித்தார்கள். ஆனாலும் என்னைக் கண்டால் பீடியைக் கீழே போட்டுவிடுவார்கள். அந்த பீடி கீழே விழுவதற்காகத்தான் நான் வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து போய்க்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு எங்களுக்குத் தாய் வீடு என்று ஒன்று இல்லாமல் போனது. அண்ணன் தம்பியும் இல்லை. பொங்கலுக்குத் தாய் வீட்டுச் சீர் வராத வீட்டுப் பெண்ணை எங்கள் பக்கத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், "உங்களுக்கு இன்னும் வரலியா?" என்று மட்டும் கேட்பார்கள். அந்தக் கேள்வி என் காதில் விழக் கூடாது என்று அக்காவே அம்மாவின் இடத்தில் நின்று எனக்குச் சீர் கொண்டுவர ஆரம்பித்தாள். போகிக்கு முன்பே மாமாவின் பைக் வந்து நிற்கும். ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, பரங்கிக்காய், ஒரு புடவை. கரும்பைப் பைக்கின் பக்கவாட்டில் கட்டியிருப்பார்கள், தோகை ரோட்டைப் பெருக்கிக்கொண்டே வரும்.

ஒரு காணும் பொங்கலுக்கு நாங்கள் எல்லோரும் அக்காவின் குவார்ட்டர்ஸுக்குப் போயிருந்தோம். மாமா புதிதாக வாங்கியிருந்த பிரஷர் மிஷினை எடுத்து வைத்தார். சாப்பிட்ட வாயோடு ஆளாளுக்குக் கையை நீட்டினோம். சிறுவர்களுக்கு அது ராட்டினம் மாதிரி இருந்தது. என் முறை வந்தது. மிஷின் புஸ்ஸென்று இறுக்கி, இறக்கி, ஒரு கணக்கைக் காட்டியது. மாமா மறுபடியும் வைத்துப் பார்த்தார், மறுபடியும் அதே.

"இது அக்காவோடதைவிடக் கூட இருக்கே," என்றார்.

"பண்டிகை அன்னைக்கு எல்லாருக்கும் கூடத்தான் இருக்கும்," என்று சிரித்து எழுந்துவிட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. வாசல் வரை வந்தவள், "கவர்மென்ட் ஆஸ்பத்திரியில சும்மாவே மாத்திரை தராங்களாம், போய்ப் பாருடி," என்றாள். நான் ஆகட்டும் என்றேன். என் ஆகட்டும் எப்படிப்பட்டது என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

ஆரம்ப சுகாதார நிலையம் என் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். அங்கே பிரஷருக்கும் சுகருக்கும் வரிசையில் நிற்பவர்கள் யார்? என் பிள்ளைகளின் அம்மாக்கள், அப்பத்தாக்கள். மூட்டை தூக்குகிறவர்களின் மனைவிகள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் நடுவில் டீச்சர் போய் நிற்பதா? தெருவுக்கே மாத்திரைப் பையோடு வரும் பெண் ஒருத்தியும் உண்டு. அவள் குரல் கேட்டால் நான் கொல்லைப்புறம் போய்க் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன். அந்த வரிசையில் நின்றால் நானும் அவர்களில் ஒருத்தி என்று ஆகிவிடும் என்ற பயம். நான் அவர்களில் ஒருத்திதான் என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கொஞ்ச நாள் கழித்து அக்கா கட்டைப்பையோடு வந்து இறங்கினாள்.

"என்னக்கா, மறுபடியும்?"

"பொங்கல் சீர்ல விட்டுப்போனது."

முருங்கைக்காய், கொஞ்சம் வெல்லம், ஒரு ஜாக்கெட் துணி. எல்லாவற்றுக்கும் அடியில், மஞ்சள் துணியில் சுற்றி, மாத்திரை அட்டைகள். நான் அவளைப் பார்த்தேன். அவள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கம்பெனி டிஸ்பென்சரியில அள்ளி அள்ளிக் குடுக்கறாங்கடி. குப்பையிலயா போட முடியும்? எனக்கும் உனக்கும் ஒரே ரத்தம், ஒரே பிரஷர்தான். உனக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும், காலையில ஒண்ணு போட்டுக்க."

சாதாரணமாகக் கொடுத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். தாய் வீட்டுச் சீரை வேண்டாம் என்று சொல்லக் கூடாது, திருப்பி அனுப்பவும் கூடாது. அது கொடுத்தவர்களுக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். என் வாயை அடைக்க அக்கா கண்டுபிடித்த வழி அதுதான். அதன் பிறகு பொங்கல் சீரில் விட்டுப்போனது மாதா மாதம் வந்துகொண்டே இருந்தது. அந்த வருடப் பொங்கலைப் போல ஞாபகமறதியான பொங்கலை நான் பார்த்ததில்லை.

எனக்கு வந்தவை எப்போதும் கத்தரியால் வெட்டிய பாதி அட்டைகள். மஞ்சள் துணியில் அடக்கமாகச் சுற்றுவதற்காக வெட்டுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரு தடவை பையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவள், ஊசியில் நூல் கோக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக் கோத்துக் கொடுத்து, வயசாகுதுக்கா என்று கேலி செய்தேன். அவளும் ஆமாம் என்று சிரித்துவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு நாள் காலை வழிபாட்டில் நான் மேடையிலேயே தலை சுற்றி விழுந்தேன். டீச்சர் சாமிக்கு விழுந்து கும்பிட்டார்கள் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வீட்டில் போய்ச் சொன்னாளாம். உடன் வேலை பார்க்கும் டீச்சர்கள் என்னைப் பள்ளி வேனில் ஏற்றி, நான் எங்கே போகக் கூடாது என்று இத்தனை நாள் ஒளிந்திருந்தேனோ, அங்கேயே கொண்டுபோய் இறக்கினார்கள்.

டாக்டர் சின்னப் பெண். என் கைப்பையில் இருந்த அட்டையை எடுத்துப் பார்த்தாள்.

"இதை யாரு எழுதிக் கொடுத்தாங்க?"

"எங்க அக்கா."

"அக்கா டாக்டரா?"

"இல்ல. பி டைப் குவார்ட்டர்ஸ்."

அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும், அடக்கிக்கொண்டாள். "இது பவர் கூட இருக்கிற மாத்திரை மேடம். உங்களுக்குப் பிரஷர் இறங்கிப் போயிருக்கு, அதான் விழுந்துட்டீங்க. இதுக்கு முன்னாடியும் இதேதான் சாப்பிட்டீங்களா?"

முன்பு வந்த மாத்திரை வெள்ளை, இந்த மாதம் வந்தது இளஞ்சிவப்பு. மருந்துக் கம்பெனிக்காரன் நிறத்தை மாற்றிவிட்டான் என்று நினைத்து நான் விழுங்கியிருந்தேன். அக்காவுக்கு வருவதுதான் எனக்கும் வருகிறது என்று டாக்டரிடம் சொன்னேன்.

"அப்ப உங்க அக்காவுக்கு டாக்டர் ஏத்தி எழுதியிருக்காரு. ஏன் ஏத்தினாங்கன்னு கேளுங்க," என்றாள்.

அங்கிருந்து வீட்டுக்குப் போகாமல் நேராக பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன். குவார்ட்டர்ஸ் கேட்டில் வாட்ச்மேன், "யாரு வூட்டுக்கு?" என்றான். அவன் என் வீட்டுக்காரரோடு சேர்ந்து டீ குடிக்கிறவன்தான். ஆனாலும் அந்தக் கேட்டில் நிற்கும்போது அவனுக்கு என்னைத் தெரியாது. அக்கா வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அக்கா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோழி பார்ப்பது போலத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது கண்ணால் மட்டும் கீரையைப் பார்த்தாள்.

"ஏண்டி இந்த நேரத்துல? ஸ்கூல் இல்லியா?"

"நீ மாத்திரை தினமும் சாப்புடறியா?"

அவள் காம்பைக் கிள்ளினாள். பிரிட்ஜுக்கு மேலே இருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்தேன். உள்ளே இளஞ்சிவப்பு அட்டைகள் எல்லாம் சரிபாதியாக வெட்டப்பட்டு, ஒரு பாதி அவளுக்கென்று தனியாகவும் ஒரு பாதி மஞ்சள் துணியிலும் இருந்தன. டிஸ்பென்சரியில் யாரும் அள்ளிக் கொடுக்கவில்லை. அவளுக்கு எண்ணிக் கொடுத்ததைத்தான் இரண்டாக வெட்டியிருக்கிறாள்.

"நானும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கறேன். ஒண்ணும் ஆவல," என்றாள்.

"ஒண்ணும் ஆவலன்னா ஏன் தலையைத் திருப்பி வச்சிக்கிட்டு கீரை ஆயறே?"

அதற்குப் பிறகுதான் சொன்னாள். வலது கண்ணில் கொஞ்ச நாளாக ஓரத்தில் புகை மாதிரி தெரிகிறது. மாமா பெரம்பலூருக்குக் கூட்டிப்போய்க் கண் ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார். பிரஷர் கட்டுக்குள் வராததால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்திருக்கிறது, இப்படியே போனால் அந்தக் கண் தங்காது என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரைக்குப் பிரஷர் அடங்கவில்லை போலிருக்கிறது என்று கம்பெனி டாக்டர் பவரை ஏற்றி எழுதியிருக்கிறார்.

"அவருகிட்ட உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்றது? கார்டுல என் பேரும் உன் மாமா பேரும் புள்ளைங்க பேரும்தான் இருக்கு. தங்கச்சின்னு எழுத அதுல எடம் இல்ல."

எனக்கு வந்த கோபத்தில் டப்பாவைத் தரையில் அடித்தேன். "நான் உன்னைக் கேட்டேனா? என்னிக்காவது கேட்டேனா?"

"கேக்கவே மாட்டியே. அதுதானே எனக்கு பயம்," என்றாள் அக்கா. குரலை உயர்த்தவே இல்லை.

நான் அழுதேன். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தால் என் மூக்குதான் முதலில் ஒழுகும், அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துவிட்டாள். நான் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். குளிர்ந்த மொசைக் தரை, எந்நேரமும் வரும் தண்ணீர், ஜன்னலுக்கு வெளியே கம்பெனி லாரி வந்து தண்ணீர் ஊற்றும் செடிகள்.

"உனக்கு என்னக்கா குறைச்சல்? எனக்கு வந்ததாவது நாயம். உனக்கு எங்கேருந்து வந்துது இந்தப் பிரஷர்?"

அவள் வெளியே கையைக் காட்டினாள். பி டைப் வீடுகளுக்கு எதிரே அதைவிடப் பெரிய சி டைப், அதற்குப் பின்னால் மரங்களுக்கு நடுவே ஆபீசர்கள் பங்களா.

"நீ இங்க வந்தா தரையைப் பாக்கறே. நான் ஜன்னலைப் பாக்கறேன். கொலுவுக்கு அவங்க கூப்புடுவாங்க, போனா வெள்ளிக் குங்குமச்சிமிழ் குடுப்பாங்க. திருப்பி நான் என்னத்தைக் குடுக்கறது? போவலன்னா ஏன் வரலன்னு கேட்டு உன் மாமாவுக்குச் சங்கடம். அவங்க புள்ளைங்க ஸ்கூலுக்கு வர்ற வேன் வேற, நம்ம புள்ளைங்க வேன் வேற. காடு குடுத்து வந்தவங்கன்னு எங்களுக்கு ஒரு பேரு. படிச்சு வந்தவங்க இல்லையாம். உன் தெருவுல எல்லாரும் ஒண்ணுடி. எனக்கு தினமும் அண்ணாந்து பாத்தே கழுத்து வலி."

நான் இத்தனை வருடமாக அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்போது வேறு யாரையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த பங்களா அம்மாளும் சென்னையில் யாரையாவது அப்படிப் பார்த்திருப்பார், அவர் வீட்டிலும் ஒரு மாத்திரை டப்பா இருந்திருக்கும். உப்பைக் குறையுங்கள், ஊறுகாயை விடுங்கள் என்று எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள். அண்ணாந்து பார்ப்பதைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுக்க ஒருவரும் இல்லை. எழுதிக் கொடுத்தாலும் எப்படிக் குறைப்பது? வீடு கட்டும்போதே ஏ, பி, சி என்று கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு ஊறுகாய் எவ்வளவோ தேவலாம்.

புறப்படும்போது, "இனிமே நீ முழுசா சாப்புடணும். எனக்குக் கொண்டாராதே," என்றேன்.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போவ மாட்டே. உன்னைத் தெரியாதா எனக்கு? நீ போற வரைக்கும் நான் வெட்டத்தான் செய்வேன்."

அவள் அதைச் செய்வாள். அழுத்தக்காரி. அவளுடைய கண் என்னுடைய வறட்டு கௌரவத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை அரை நாள் லீவு சொல்லிவிட்டு சுகாதார நிலையத்துக்குப் போனேன். வேப்பமரத்தடியில் வரிசை. கேலி செய்வார்கள் என்று பயந்து போனவளுக்கு அதைவிடப் பெரிய சங்கடம் காத்திருந்தது. "டீச்சர் வந்துட்டாங்க, வழி விடுங்க, முன்னாடி போங்க டீச்சர்," என்று வரிசையே விலகியது. முழங்கால் வலியோடு விடிகாலையில் வந்து உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்தார்கள். நான் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டேன். எனக்கு முன்னால் நின்றவள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா. திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கும் இருக்கா டீச்சர்?"

"இருக்கு."

"எனக்கும்தான். சுகரும் சேந்து இருக்கு," என்றாள். பிறகு கருவாடு சாப்பிடலாமா கூடாதா என்று எனக்கு விவரமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் மகன் வீட்டுப்பாடம் எழுதுவதில்லை என்று நான் சொன்னேன். வரிசை நகர்ந்தது. அன்று மதியம் அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பீடியைக் கீழே போட்டாரா என்று நான் கவனிக்கவில்லை.

எனக்குக் கிடைத்த அட்டையை போனில் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அவள் நம்பவில்லை. வீடியோ காலில் வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டினேன். அதன் பிறகு தினமும் காலையில் போன் வரும். "போட்டியா?" "போட்டேன். நீ?" "போட்டேன்." இதைத் தவிர வேறு பேச்சு சில நாள் இருக்காது. ஆனாலும் உள்ளுக்குள் எனக்குச் சந்தேகம்தான். எனக்குத் தெரியாமல் இத்தனை மாதம் பாதியை வெட்டியவள், போனில் போட்டேன் என்று சொல்வதை எப்படி நம்புவது? நீயும் என்னை மாதிரி வாயில் போட்டுக் காட்டு என்றால், "போடி, நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று வைத்துவிடுவாள்.

இந்தப் பொங்கலுக்கு மாமாவின் பைக் வந்து நின்றது. கரும்புத் தோகை ரோட்டைப் பெருக்கிக்கொண்டே வந்தது. அக்கா இறங்கி, படியைக் காலால் தேடாமல், நேராக ஏறி வந்தாள். வலது கண்ணின் ஓரத்தில் புகை முழுதாகப் போகவில்லை, ஆனால் கண் இதற்கு மேல் கெடாது என்று பெரம்பலூரில் சொல்லிவிட்டார்கள் என்றாள். பச்சரிசியை எடுத்தேன், வெல்லத்தை எடுத்தேன், மஞ்சள் கொத்தை எடுத்தேன். கை பழக்கதோஷத்தில் பையின் அடிக்குப் போனது. மஞ்சள் துணிப் பொட்டலம் அங்கேயே இருந்தது.

அவள் முகத்தைப் பார்த்தேன். "பிரிச்சுத்தான் பாரேன்," என்றாள்.

உள்ளே அட்டைகள். வெட்டாத முழு அட்டைகள். திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு குழியும் உடைந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல், வெள்ளித் தாள் கிழிந்து கிடந்தது. ஒன்று விடாமல் எல்லாவற்றையும் அவளே சாப்பிட்டிருந்தாள்.

தெருவில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "சீர் வந்துட்டா? என்ன வந்துருக்கு?" என்றாள். வந்துட்டு என்று மட்டும் சொன்னேன். அம்மா இருந்திருந்தால்கூட எனக்கு இப்படி ஒரு சீர் செய்திருக்க மாட்டாள்.